நுரை கான்கிரீட்டின் வலு எங்கே இருக்கிறது?

இங்கிலாந்தில் பாத் நகரை ஒட்டியிருக்கும் கோம் டவுன், பல தலைமுறைகளாகப் பொள்ளலான நிலத்தின் மேல் வாழ்ந்த ஊர். 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் சுண்ணாம்புக்கல் வெட்டி எடுத்த சுரங்கங்கள் வீடுகளுக்கும் சாலைகளுக்கும் நேர் கீழே ஓடின. தாங்கி நின்ற கல்தூண்களையும் பிற்காலத்தில் செதுக்கி எடுத்துவிட்டார்கள். சில இடங்களில் சுரங்கக் கூரைக்கும் தெருவுக்கும் இடையே இரண்டு மீட்டர் அளவுக்குத்தான் பாறை இருந்தது. 2009-இல் முடிந்த சீரமைப்புப் பணியில் இந்த வெற்றிடங்களை நிரப்பச் சுமார் 6 லட்சம் கன மீட்டர் நுரை கான்கிரீட் உள்ளே செலுத்தப்பட்டது. அது குழாய் வழியாக ஓடியது. மூலைமுடுக்குகளில் தானே பரவியது. இடித்தோ குத்தியோ கெட்டிப்படுத்த வேண்டியிருக்கவில்லை.

அதே இனத்துப் பொருள்தான் தமிழ்நாட்டில் கட்டுமான இடங்களில் சிஎல்சி (செல்லுலார் லைட்வெயிட் கான்கிரீட்) பிளாக் என்ற பெயரில் சாம்பல் நிறக் கட்டிகளாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. சுரங்கத்தை அடைக்கும் கான்கிரீட்டுக்கு ஓட்டம்தான் முதல் தேவை. சுவருக்கு வரும் கட்டிக்கு வேறொரு கேள்வி காத்திருக்கிறது: எவ்வளவு பாரம் தாங்கும்? விற்பவர்கள் பெரும்பாலும் எடையைச் சொல்கிறார்கள், விலையைச் சொல்கிறார்கள், எத்தனை மூட்டை சிமென்ட் போட்டோம் என்றுகூடச் சொல்கிறார்கள். வலுவைப் பற்றி இவை பாதிதான் சொல்கின்றன. மறுபாதி, பட்டறையில் கலவை கலக்கும் அந்தச் சில நிமிடங்களில் முடிவாகிவிடுகிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்தாக வேண்டும். கடைகளில் சிஎல்சி, ஏஏசி இரண்டையும் ‘லைட்வெயிட் பிளாக்’ என்ற ஒரே பெயரில் விற்பது வழக்கமாகிவிட்டது. ஏஏசி (ஆட்டோகிளேவ்டு ஏரேட்டட் கான்கிரீட்) 1920-களில் ஸ்வீடனில் பிறந்தது. அலுமினியத் தூள் சுண்ணாம்போடு வினைபுரிந்து வாயு கிளப்ப, கலவை பொங்கி எழும். பிறகு அதை அழுத்தக் கலனில் உயர் வெப்ப நீராவியில் மணிக்கணக்கில் வேக வைப்பார்கள். நுரை கான்கிரீட்டுக்கு அந்த நீராவிக் கலன் கிடையாது. சிமென்ட், பொடிமணல் அல்லது நிலக்கரிச் சாம்பல், தண்ணீர் சேர்த்துக் குழம்பாக்கி, தனியே ஓர் இயந்திரத்தில் உருவாக்கிய நுரையை அதில் கலந்து அச்சில் ஊற்றி, சாதாரண வெப்பநிலையில் இறுக விடுவார்கள். இந்தியத் தர நிர்ணயத்திலும் இரண்டுக்கும் தனித்தனி ஏடுகள்: ஐ.எஸ். 2185-இன் மூன்றாம் பகுதி ஏஏசிக்கு, 2008-இல் வந்த நான்காம் பகுதி நுரை கான்கிரீட்டுக்கு. ஒரே எடையுள்ள இரண்டு கட்டிகள் ஒரே பாரம் தாங்கும் என்று எண்ணுவது இங்கேயே பிழையாகிறது.

நுரை கான்கிரீட்டின் வலுவை ஆளும் முதல் காரணி அடர்த்தி. அந்த நான்காம் பகுதியின்படி, கன மீட்டருக்கு 800 கிலோ எடையுள்ள கட்டி சதுர மில்லிமீட்டருக்குச் சராசரியாக 2.5 நியூட்டன் தாங்கினால் போதும். 1,200 கிலோவில் அது 6.5 ஆகிறது, 1,800 கிலோவில் 25. எடை இரண்டேகால் மடங்கு கூடினால் வலு பத்து மடங்கு கூடுகிறது. திருப்பிப் பார்த்தால், எடையைப் பாதிக்கும் கீழே குறைத்தவர் வலுவில் பத்தில் ஒன்பது பங்கை இழந்திருக்கிறார். காற்று நுழையும்போது திடப்பொருள் குறைவது மட்டும் இதற்குக் காரணமில்லை. குமிழிகளுக்கு இடையில் நிற்கும் சிமென்ட் சுவர்களும் மெலிந்துபோகின்றன, பாரம் அந்த மெல்லிய சுவர்களில் குவிகிறது. ‘லேசானது, ஆனால் அதே வலு’ என்று எழுதியிருக்கும் விளம்பரத்தை இந்தக் கணக்கின் எதிரே வைத்துப் பார்க்கலாம். ஒரே மூலப்பொருளும் ஒரே செய்முறையும் இருக்கும் வரை, இரண்டும் சேர்ந்து கிடைக்காது.

அப்படியானால் அடர்த்தியை மட்டும் கேட்டு வாங்கினால் போதுமா? போதாது. ஒரே அடர்த்தியுள்ள இரண்டு கட்டிகளில் ஒன்று நன்றாக நிற்கும், இன்னொன்று நொறுங்கும். இதற்கான விடையைத் தேடியவர்களில் சென்னை ஐஐடியைச் சேர்ந்த குஞ்ஞானந்தன் நம்பியாரும் கே. ராமமூர்த்தியும் முக்கியமானவர்கள். 2006 முதல் அவர்கள் வெளியிட்ட ஆய்வுகள் உலகெங்கும் இத்துறையில் மேற்கோள் காட்டப்படுகின்றன. கட்டியை அறுத்து, குமிழிகளை நுண்ணோக்கியில் படமெடுத்து அளந்தபோது, குமிழியின் வடிவத்துக்கு வலுவில் பெரிய பங்கில்லை என்று தெரிந்தது. அளவுக்குத்தான் பங்கு, அதிலும் சராசரி அளவைவிட, கூட்டத்தில் மிகப் பெரிய குமிழிகளின் அளவு வலுவோடு நெருக்கமாகப் பொருந்தியது. நுரையை அதிகமாகச் சேர்க்கச் சேர்க்க அண்டையிலுள்ள குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிய ஓட்டைகளாகின்றன. உடைப்பு அங்கேதான் தொடங்குகிறது. சிறியதாகவும் தனித்தனியாகவும் குமிழிகளைக் காப்பாற்றுகிறவருக்கு வலு கிடைக்கிறது. இந்தத் தொழில்நுட்பத்தின் சிறப்பும் குறையும் இந்த ஒரே இடத்தில்தான் இருக்கின்றன. செங்கல்லுக்கு மண்ணும் சூளையும் இருந்தால் போதும். இங்கே, சில மணி நேரம் மட்டுமே உயிரோடிருக்கும் ஒரு நுரையை நம்பி ஐம்பது ஆண்டு நிற்க வேண்டிய சுவரைக் கட்டுகிறோம்.

நுரைத் திரவத்தில் இரண்டு குலங்கள் உண்டு. கொம்பு, குளம்பு போன்ற விலங்குப் புரதத்திலிருந்து எடுப்பது ஒன்று. சோப்பு இனத்தைச் சேர்ந்த செயற்கைத் திரவம் மற்றொன்று. புரத நுரையின் குமிழிச் சுவர் உறுதியானது, மூடிய அறைகளாக நிற்கும், பொதுவாகக் கூடுதல் வலுவும் தரும். செயற்கைத் திரவம் மலிவு, நீண்ட நாள் கெடாது. செலவைக் குறைக்க நினைக்கும் சிறு பட்டறை இரண்டாவதைத் தேர்ந்தெடுப்பது புரிந்துகொள்ளக் கூடியதே. திரவத்தைத் தேவைக்கு மேல் தண்ணீரில் கரைப்பதையும், கம்ப்ரசர் அழுத்தம் குறைந்தபோதும் நுரையை எடுப்பதையும் அப்படி ஏற்க முடியாது. அப்போது வருவது பெரிய குமிழிகளோடு தளதளவென்று வடியும் ஈர நுரை. கலவைக்குள் போனதும் அதில் ஒரு பகுதி வெறும் தண்ணீராகிவிடும்.

தண்ணீர் விஷயத்தில்தான் அனுபவமுள்ள மேஸ்திரிகளே தடுமாறுகிறார்கள். சாதாரண கான்கிரீட்டில் தண்ணீர் குறைந்தால் வலு கூடும். 1918-இல் அமெரிக்கப் பொறியாளர் டஃப் ஏப்ரம்ஸ் வகுத்த விதி அது, நூறாண்டாக எல்லாக் கல்லூரிகளிலும் பாடம். நுரை கான்கிரீட்டில் அந்த விதியை அப்படியே பின்பற்றினால் கட்டி கெடும். குழம்பு கெட்டியாக இருந்தால் அது தன் தாகத்தை நுரையிலிருந்து தீர்த்துக்கொள்கிறது. கலக்கும்போதே குமிழிகள் உடைகின்றன, எதிர்பார்த்ததைவிடக் கனமான கலவை வருகிறது. மிகவும் நீர்த்துப்போனால் மணலும் சாம்பலும் அடியில் படிய, குமிழிகள் மேலே ஏறிவிடும். ஒரே கட்டியின் மேல்பாதி வலுவிழந்தும் கீழ்பாதி கனத்தும் நிற்கும். இரண்டுக்கும் நடுவிலுள்ள பதத்தைப் பிடிப்பதுதான் வேலை. ஐஐடி ஆய்வாளர்கள் இதற்கு எளிய அளவுகோலைப் பயன்படுத்தினார்கள்: திட்டமிட்ட அடர்த்தியும் கலந்தபின் அளந்த அடர்த்தியும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால் பதம் சரி. கொள்ளளவு தெரிந்த ஒரு பாத்திரமும் ஒரு தராசும் இருந்தால் எந்தப் பட்டறையும் ஒவ்வொரு கலவையிலும் இதைச் செய்துவிடலாம்.

இங்கே ஒரு குறுக்குவழி இருக்கிறது, அதுதான் அபாயம். கலவை கனத்துப்போனதாகத் தராசு காட்டினால், இன்னும் கொஞ்சம் நுரை சேர்த்து எடையைச் சரிக்கட்டிவிடலாம். ஏட்டில் 800 என்று பதிவாகும். உள்ளேயோ, முதலில் உடைந்த குமிழிகளின் தண்ணீர் அப்படியே தங்கி சிமென்ட்டை நீர்க்கச் செய்திருக்கும். எடைச் சோதனையில் தேறிய கட்டி வலுச் சோதனையில் தோற்பது இப்படித்தான்.

சாம்பலின் கதை இன்னும் விரிவானது. இந்தக் கான்கிரீட்டின் சார்பில் சொல்லக்கூடிய ஆகச் சிறந்த வாதமும் அதில்தான் இருக்கிறது. கெயார்ஸ்லி, வெயின்ரைட் என்ற இரு ஆய்வாளர்கள் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், சிமென்ட்டின் எடையில் 67 சதவீதம் வரை சாம்பலை மாற்றிப் போட்டும் நீண்டகால வலுவில் பெரிய இழப்பு இல்லை என்று கண்டார்கள். மணலுக்குப் பதில் சாம்பல் சேர்த்தால் ஒரே அடர்த்தியில் வலு கூடுகிறது என்பது சென்னை ஆய்வின் முடிவு. காரணம் எளியது. சாம்பல் மணலைவிட லேசானது. குறித்த எடையை எட்டக் குறைவான நுரையே போதும், ஓட்டைகள் குறையும். மேலும் அந்த நுண்தூள் ஒவ்வொரு குமிழியையும் சீராகப் போர்த்தி, அண்டைக் குமிழியோடு சேராமல் தடுக்கிறது. பருமனான மணல் இந்த வேலையைச் செய்யாது. ஆற்றுமணல் தட்டுப்பாட்டால், கல்லை நொறுக்கிச் செய்யும் எம்-சாண்டுக்கு மாறிய தமிழ்நாட்டுக்கு இது முக்கியமான செய்தி: சலிக்காத எம்-சாண்டை நுரைக் கலவையில் கொட்டுவது குமிழிகளைக் குத்திக் கிழிப்பதற்குச் சமம். மேட்டூர், வடசென்னை, தூத்துக்குடி அனல்மின் நிலையங்கள் மலையாகக் குவிக்கும் சாம்பலுக்குச் சுவருக்குள் ஒரு வேலை கிடைப்பது சுற்றுச்சூழலுக்கும் நன்மைதான்.

ஆனால் அந்த 67 சதவீதக் கண்டுபிடிப்பில் ‘நீண்டகால’ என்ற சொல்லைத் தாண்டிச் செல்லக் கூடாது. சாம்பல் மெதுவாக வேலை செய்யும் பொருள். சிமென்ட் நீரோடு சேர்ந்து வெளிவிடும் சுண்ணாம்பைக் கொண்டுதான் அது பிணைப்பை உருவாக்குகிறது. அதற்கு மாதங்கள் ஆகும், ஈரமும் வேண்டும். சாம்பல் மிகுந்த கலவை இறுகவும் நேரமெடுக்கும். அதுவரை குமிழிகள் தாக்குப்பிடிக்க வேண்டும். ஆய்வகத்தில் ஓராண்டு பொறுத்திருந்து எடுத்த எண்ணை வைத்துக்கொண்டு, ஒரே வாரத்தில் லாரியில் ஏற்றும் கட்டியை விற்பது நேர்மையாகாது. எல்லாச் சாம்பலும் ஒன்றல்ல என்பதும் மறக்கப்படுகிறது. நெய்வேலியின் பழுப்பு நிலக்கரிச் சாம்பலில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. கருப்பு நிலக்கரிச் சாம்பல் அப்படியல்ல. எரியாத கரி மிச்சமிருக்கும் சாம்பல் நுரைத் திரவத்தை உறிஞ்சிக் குமிழிகளைக் கொன்றுவிடும். ஒரு நிலையத்தின் சாம்பலுக்கு வகுத்த கலவை விகிதத்தை வேறொரு லாரிச் சாம்பலுக்கு அப்படியே பயன்படுத்தும் பழக்கம் நிற்க வேண்டும்.

அச்சில் ஊற்றிய பிறகு வைப்ரேட்டர் பிடித்தால் அத்தனை குமிழியும் போய்விடும் என்பது பெரும்பாலோருக்குத் தெரியும். வெயில் செய்யும் கேடு அவ்வளவு தெரிவதில்லை. மே மாத நண்பகலில் திறந்த வெளியில் காயும் கட்டியிலிருந்து ஈரம் ஓடிவிடுகிறது. சிமென்ட்டின் வினை பாதியில் நிற்கிறது. மூடி வைத்துத் தண்ணீர் காட்டி ஆற்றப்பட்ட கட்டிக்கும் இதற்கும் ஒரே கலவை, ஒரே எடை, ஆனால் வெவ்வேறு வலு. சோதனையிலும் இதே போன்ற ஒரு பொறி உண்டு: உலர்ந்த கட்டி ஈரக் கட்டியைவிட அதிகப் பாரம் தாங்கும். எந்த ஈரத்தில் சோதித்தார்கள் என்று சொல்லாத அறிக்கை அரை அறிக்கைதான்.

இதையெல்லாம் கடந்து சரியாகச் செய்த கட்டியின் நன்மைகள் உண்மையானவை. 20 சென்டிமீட்டர் கனத்தில் பத்து சதுர மீட்டர் சுவர் எழுப்பினால், 800 கிலோ அடர்த்தியில் அதன் எடை 1,600 கிலோ. சூளைச் செங்கலில் அது ஏறத்தாழ 3,600 கிலோ. மாடிக்கு மாடி இந்த வித்தியாசம் தூணிலும் அஸ்திவாரத்திலும் சேமிப்பாகிறது. வெப்பம் உள்ளே இறங்குவது குறைகிறது. வயல் மண்ணைத் தோண்டிச் சுடத் தேவையில்லை. சட்டகக் கட்டடத்தில் தூணும் உத்தரமும் பாரத்தை ஏற்க, இடையை அடைக்கும் சுவருக்கு 2.5 நியூட்டன் போதுமானது.

பாரம் தாங்கும் சுவராக்கும் ஆசைதான் பொருந்தவில்லை. ஸ்காட்லாந்தின் டண்டி பல்கலைக்கழகத்தில் ஜோன்ஸும் மெக்கார்த்தியும் 2005-இல் கட்டமைப்புப் பயன்பாட்டுக்கு நுரை கான்கிரீட்டை ஆராய்ந்தார்கள். 25 நியூட்டனை எட்டவும் முடிந்தது. ஆனால் அந்த வலுவுக்கு அடர்த்தியைப் பெரிதும் உயர்த்த வேண்டும்; உயர்த்தினால் எந்த லேசுத்தன்மைக்காக இதைத் தேடினோமோ அதில் பெரும்பங்கு போய்விடுகிறது. ஜல்லி இல்லாததால் உலரும்போது சுருங்குவதும் சாதாரண கான்கிரீட்டைவிடப் பல மடங்கு. சரியாக உலராத கட்டிகளால் எழுப்பிய சுவரில் பூச்சு முடிந்த சில மாதங்களில் மூட்டுக்கு மூட்டு விரிசல் ஓடுவது அதனால்தான். பாலிப்ரொப்பிலீன் இழை சேர்த்தால் விரிசல் குறையும். அமுக்க வலிமை அதனால் பெரிதாகக் கூடுவதில்லை.

வலுக் குறைவே குணமாக மாறும் இடமும் உண்டு. விமான ஓடுபாதையின் முடிவில் பதிக்கப்படும் நிறுத்துபடுகைகளில் நுரைத்த சிமென்ட் கட்டிகள், சக்கரம் ஏறியதும் நொறுங்குவதற்கென்றே செய்யப்படுகின்றன. 2016 அக்டோபரில் அமெரிக்கத் துணை அதிபர் வேட்பாளர் மைக் பென்ஸ் பயணித்த போயிங் 737, நியூயார்க் லகார்டியாவில் ஓடுபாதையைத் தாண்டியபோது அத்தகைய படுகைதான் அதை நிறுத்தியது; யாருக்கும் காயமில்லை. அங்கே வலு கூடிப்போனால்தான் குற்றம். ஒவ்வொரு வேலைக்கும் தேவையான வலு இவ்வளவு என்று முன்பே குறித்து, அதற்கேற்பக் குமிழிகளை அமைக்கும் ஒழுக்கம் அந்தப் பயன்பாட்டில் இருக்கிறது. நம் பட்டறைகள் பலவற்றில் இல்லாதது அதுவே.

ஆகவே கட்டி வாங்கும் வீட்டுக்காரரும் பொறியாளரும் இரண்டு எண்களைச் சேர்த்தே கேட்க வேண்டும்: உலர் அடர்த்தி எவ்வளவு, அதே தொகுதிக் கட்டியின் 28 நாள் அமுக்க வலிமை எவ்வளவு. ஒன்றைச் சொல்லி மற்றதைச் சொல்லாதவரிடம் வாங்க வேண்டாம். வார்த்து 28 நாள் ஆகாத கட்டியைச் சுவரில் ஏற்ற வேண்டாம். தூண் இல்லாத வீட்டில் கூரையைத் தாங்கும் சுவருக்கு 800 கிலோ ரகத்தைப் பயன்படுத்தவே வேண்டாம்.