‘மை பெஸ்ட் கேர்ள்’ மௌனப் படத்தில் ஒப்பும் மெய்ப்பாடும்

சாம் டெய்லர் இயக்கி 1927இல் வெளிவந்த ‘மை பெஸ்ட் கேர்ள்’, மேரி பிக்ஃபோர்டு நடித்த இறுதி மௌனப் படமாகும். மலிவுப் பொருள் அங்காடியின் சரக்கறைப் பணிப்பெண் மேகி. அங்காடி உரிமையாளரின் மகனாகிய ஜோ, தன் தகுதியை மெய்ப்பிக்கப் பெயரை மறைத்து அங்குப் பணியில் சேர்கிறான். அவன் யாரென்று அறியாமலேயே மேகி அவனைக் காதலிக்கிறாள்.

தலைமக்களிடையே அமையவேண்டிய பத்து ஒப்புகளைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் பிறப்பில் தொடங்கித் திருவில் முடிக்கிறது. இக்காதலர்க்கு அம்முதலும் முடிவும் ஒவ்வாதன. இடைப்பட்ட உணர்வொப்பினை, இருவரும் சரக்குப் பெட்டிக்குள் அமர்ந்து நண்பகல் உணவு உண்ணும் காட்சி நகைச்சுவையோடு நிறுவுகிறது.

படத்தில் வேடங்கள் இரண்டு. ஜோவின் ஏழைவேடம் விளையாட்டு. வேண்டும்போது அவன் அதைக் களையலாம். மேகியின் வேடமோ துன்பத்தில் பிறப்பது. அவன் நலம் கருதி விலக எண்ணும் அவள், பணத்தாசை கொண்டவள்போல் உதட்டுச் சாயம் பூசி ஆடுகிறாள். எழுத்து அட்டை பொய்யுரைக்க, அழுகை என்னும் மெய்ப்பாடு உண்மையை வெளிப்படுத்திவிடுகிறது. பேச்சற்ற கலையின் வலிமை இங்கு முழுமையாக விளங்குகிறது.

இறுதியில் ஜோவின் தந்தை மனம் இசைகிறார், மணம் கூடுகிறது. எனினும் மேகி உயர்கிறாளேயன்றி, சரக்கறை அப்படியேதான் இருக்கிறது. ஆகவே இதனை வர்க்க வேறுபாட்டை வென்ற படம் என்பதினும், அவ்வேறுபாட்டின் சுமை பெண்மேலேயே விழுவதை நகைக்கு நடுவே காட்டிய படம் என்பதே பொருந்தும்.