மூன்று மீட்டர், நாற்பது வளைவு

என் டீசல் ஹேட்ச்பேக்கில் எஞ்சின் சூட்டைக் காட்ட முள் கிடையாது. குளிர்ந்திருந்தால் நீல விளக்கு, கொதித்தால் சிவப்பு விளக்கு. நடுவில் நடப்பதெல்லாம் வண்டிக்கே வெளிச்சம். பழைய ரேடியேட்டரை நம்பி அடிக்கடி வால்பாறை ஏறுகிற எனக்கு அது போதவில்லை. டர்போ பூஸ்ட், கூலன்ட் சூடு, பேட்டரி வோல்ட் என்று 52 மி.மீ. மீட்டர் மூன்று வாங்கி வந்தேன்.

வோல்ட் மீட்டர் அரைமணி நேர வேலை. சாவி போட்டால் கரன்ட் வரும் பியூஸிலிருந்து ஒரு ஒயர், பாடியில் ஓர் எர்த், அவ்வளவுதான். வண்டி ஓடும்போது முள் 14-ஐ ஒட்டி நிற்க வேண்டும். 12.5-க்கு இறங்கினால் ஆல்டர்னேட்டரைப் பார்க்க வேண்டிய நேரம்.

பூஸ்ட் மீட்டருக்கு, வேஸ்ட்கேட் ஆக்சுவேட்டருக்குப் போகும் சின்ன ஹோஸை வெட்டி நடுவில் 'டி' போட்டேன். இங்கே காற்று கசிந்தால் வேஸ்ட்கேட் நேரத்துக்குத் திறக்காது, டர்போ அளவு மீறி அழுத்தும். அதனால் கிளாம்ப் வாங்குவதில் கஞ்சத்தனம் கூடாது. நான் ஏமாந்தது டயலில். அதில் பாதி, வேக்குவம் காட்டுவதற்கு. பெட்ரோல் எஞ்சினில் த்ராட்டில் மூடும்போது அது உண்டாகும். என் டீசலில் அந்த வேலையே இல்லாததால் முள் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

கூலன்ட் மீட்டர்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமையை முழுசாக விழுங்கியது. எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு ரேடியேட்டரின் மேல் ஹோஸை வெட்டி, அலுமினிய அடாப்டரைச் செருகி, அதில் சென்சாரை முறுக்கினேன். கூலன்ட் ஊற்றி, காற்று வெளியேற்றி, ஸ்டார்ட் செய்தேன். ஹோஸ் கை வைக்க முடியாத சூடு; முள்ளோ அடியிலேயே படுத்துக் கிடந்தது. மீட்டரைச் சந்தேகப்பட்டேன், விற்றவரையும் சந்தேகப்பட்டேன். பக்கத்துத் தெரு மெக்கானிக் அண்ணன் வந்து எட்டிப் பார்த்தார்.

"ஒத்த ஒயர் சென்சாருக்கு எர்த் எங்க தம்பி?"

சென்சார் தன் உடம்பு வழியாகத்தான் எர்த் எடுக்கும். எஞ்சின் பிளாக்கில் பொருத்தினால் தானாகக் கிடைத்துவிடும். என் அடாப்டரோ இரண்டு பக்கமும் ரப்பருக்கு நடுவில் அந்தரத்தில் இருந்தது. அவர் அடாப்டரிலிருந்து பேட்டரி நெகட்டிவுக்கு ஒரு துண்டு ஒயரைப் பிடித்ததும் முள் விசுக்கென்று எழுந்தது.

பலன் ஆழியாறு தாண்டித் தெரிந்தது. சமவெளியில் 86, 87. நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் பாதிகூட ஏறவில்லை; பஸ் பின்னால் இரண்டாவது கியரில், ஏ.சி. போட்டு ஊர்ந்தபோது 97. ஏ.சி.யை அணைத்ததும் மெல்ல 92-க்கு இறங்கியது. சிவப்பு விளக்கு எரியும்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே ஏதாவது செய்யலாம் என்பதுதான் நான் கொடுத்த காசுக்குக் கிடைத்தது.

உண்மையைச் சொன்னால், ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் ஒரு ப்ளூடூத் அடாப்டரைச் செருகினால் இதே சூட்டை போனிலேயே பார்க்கலாம். ஹோஸ் வெட்ட வேண்டாம், செலவும் சொற்பம். போன் அழைப்பு வந்தால் மீட்டர் மறைந்துவிடும், அதுதான் குறை. முதலில் அதைப் போட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் கத்தியை எடுங்கள்.

பூஸ்ட் மீட்டரைக் கழற்றிவிடலாம் என்று இருக்கிறேன். பின்சீட்டில் உட்காரும் மகன் விடுவதாயில்லை.