கடவுளுக்கும் உயிர்ப்புள்ளி: வீடியோ கேம்களில் புனைமதங்கள்

மாயாஜால உலகங்களில் நடக்கும் வீடியோ கேம்களில் மதம் ஏறக்குறையத் தவிர்க்க முடியாத அங்கம். பலிபீடம், பூசாரி, தடைசெய்யப்பட்ட நூல், கைவிடப்பட்ட தெய்வம் என ஏதாவது ஒன்று தலைகாட்டாத ஆட்டம் அரிது. இந்தப் பழக்கத்தின் வேர் நாவலில் இல்லை. இவ்வகைப் புனைவுக்கெல்லாம் முன்னோடியான டோல்கீனின் 'த லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' நாவலில் கோயிலும் பூசாரியும் கிட்டத்தட்டக் கிடையாது. வேர் மேசையில் பகடை உருட்டி ஆடிய விளையாட்டில் இருக்கிறது. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974இல் வெளியிட்ட 'டஞ்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டக்காரருக்கு மூன்றே தொழில்களைத் தந்தது: போர்வீரர், மந்திரவாதி, பூசாரி. பூசாரி காயத்தை ஆற்றுவார், நடமாடும் பிணங்களை விரட்டுவார், கூர்மையான ஆயுதம் ஏந்தமாட்டார். எந்தக் கடவுளின் பூசாரி என்று விதிநூல் சொல்லவில்லை. வேலை முதலில் வந்தது; தெய்வம் பின்னால் வந்து சேர்ந்தது.

அப்படிச் சேர்ந்த விதமும் விசித்திரமானது. 1980இல் வந்த 'டெய்ட்டீஸ் அண்ட் டெமிகாட்ஸ்' என்ற துணைநூல் கிரேக்க, நார்டிக், எகிப்தியத் தெய்வங்களோடு இந்திரன், அக்கினி, யமன் முதலியோரையும் பட்டியலிட்டு, ஒவ்வொருவருக்கும் உயிர்ப்புள்ளிகளை ஒதுக்கியது. உயிர்ப்புள்ளி உண்டென்றால் அதைச் சுழியமாக்கவும் முடியும். ஜப்பானிய ரோல்பிளே ஆட்டங்கள் பலவற்றில் கடைசிச் சண்டை ஒரு கடவுளோடு நடப்பதற்கான கணக்கு இங்கேயே போடப்பட்டுவிட்டது.

புனைமதங்களின் அடிப்படைச் சிக்கலும் இதே கணக்கில்தான் இருக்கிறது. வேண்டினால் காயம் ஆறுகிறது, பலியிட்டால் பலன் கிடைக்கிறது, தெய்வம் கண்முன் வந்து பேசுகிறது. அப்படிப்பட்ட உலகில் நம்பிக்கைக்கு வேலை ஏது? ஐயத்துக்கு இடமில்லாத இடத்தில் பக்தி வெறும் கொடுக்கல் வாங்கலாகிவிடும். இத்துறையில் பேசத்தக்க ஆட்டங்கள் எல்லாம் ஏதோ ஒரு வழியில் ஐயத்தை உள்ளே கொண்டுவந்தவைதாம்.

கொடுக்கல் வாங்கலாகவே நின்றுவிட்ட வகைக்கும் தனி அழகு உண்டு. 1987இல் தொடங்கிய 'நெட்ஹேக்'கில் உயிர்ப்புள்ளி ஏழில் ஒரு பங்குக்குக் கீழே சரிந்தபின் வேண்டினால் கடவுள் குணப்படுத்துவார். போன வேண்டுதலுக்குப் பிறகு போதிய காலம் கழியாமல் மறுபடி கேட்டால் சினம் கொள்வார். பழகியவர்கள் ஏறத்தாழ ஆயிரம் நகர்வுகள் பொறுத்திருப்பார்கள். பலிபீடத்தில் புதிதாகக் கொன்ற உடலை வைத்தால் அந்தச் சினம் தணியும். இதில் இறையியல் எதுவும் இல்லை, ஆனால் தெய்வத்தை அடிக்கடி தொந்தரவு செய்யக் கூடாது என்ற பயம் ஆட்டக்காரரின் விரல்களில் படிந்துவிடுகிறது. 'டிராகன் குவெஸ்ட்' வரிசையின் தேவாலயங்கள் இன்னும் வெளிப்படை. இறந்த தோழரை உயிர்ப்பிக்கப் பாதிரியாருக்குப் பொற்காசு எண்ணிக் கொடுக்க வேண்டும்.

நிஜ மதங்களை விட்டு இட்டுக்கட்டியவற்றை நாட வணிகக் காரணமும் இருந்தது. எண்பதுகளின் இறுதியிலும் தொண்ணூறுகளிலும் நிண்டெண்டோவின் அமெரிக்கக் கிளை மதச் சின்னங்களை அனுமதிக்கவில்லை. 'ஃபைனல் ஃபேன்டசி' வரிசையில் 'ஹோலி' என்றிருந்த மந்திரம் நான்காம் ஆட்டத்தின் அமெரிக்கப் பதிப்பில் 'ஒயிட்' என்றும், ஆறாம் ஆட்டத்தில் 'பேர்ல்' என்றும் பெயர் மாறியது. யாரும் வழிபடாத தெய்வத்தின் பெயரால் யார் மனமும் புண்படாது.

கணினித் திரையில் அறத்தை ஆட்டத்தின் இலக்காகவே வைத்த முதல் பெரிய முயற்சி ரிச்சர்ட் கேரியட்டின் 'அல்டிமா 4' (1985). அதில் வீழ்த்துவதற்கு வில்லன் இல்லை. எட்டு நற்குணங்களிலும் தேறி அவதாரமாக உயர்வதே குறிக்கோள். மூலிகை விற்கும் பார்வையற்ற பெண்ணிடம் எத்தனை காசு கொடுப்பது என்பதை ஆட்டக்காரரே தட்டச்சு செய்வார். குறைத்துக் கொடுத்தாலும் அவள் ஒன்றும் சொல்லமாட்டாள். திரைக்குப் பின்னால் நேர்மை மட்டும் குறைந்துகொண்டே போகும். நற்குணத்துக்குரிய தலத்தில் அமர்ந்து மந்திரம் ஜபிக்கும்போது அந்தக் கள்ளக்கணக்கின் விளைவு தெரியவரும். அதே கேரியட்டின் குழு 1992இல் வெளியிட்ட ஏழாம் ஆட்டத்தில், இனிக்கும் வாசகங்களை ஊர் ஊராகப் பரப்பும் 'ஃபெல்லோஷிப்' என்ற புதுச்சபை பழைய நற்குணங்களின் இடத்தைப் பிடித்திருக்கிறது. தானம், நல்லுரை, சகோதர பாசம் எல்லாம் வெளிப்பூச்சு. உள்ளே வேறொரு குரலின் ஆணை. தான் கட்டிய அறநெறி எப்படிப் போலிச் சபையாகச் சீரழியும் என்பதை ஓர் ஆசிரியர் தானே எழுதிக் காட்டியது பாராட்டத்தக்க துணிச்சல்.

கடவுள் நிரூபிக்கப்பட்ட உலகில் நாத்திகருக்கு என்ன கதி என்பதை நேராக எதிர்கொண்டது 'நெவர்விண்டர் நைட்ஸ் 2' ஆட்டத்தின் தொடர்ச்சியான 'மாஸ்க் ஆஃப் த பிட்ரேயர்' (2007). அதன் களமான 'ஃபர்காட்டன் ரெல்ம்ஸ்' உலகில் தெய்வங்களின் பலம் அடியார்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. ஆகவே யாரையும் வணங்காமல் செத்தவருக்குத் தண்டனை உண்டு. அவருடைய ஆன்மாவை மறுவுலக நகரத்தின் மதிலில் கல்லோடு கல்லாக வைத்துப் பூசிவிடுவார்கள். அது மெல்லக் கரைந்து மதிலோடு மதிலாகும். அங்கே புதைந்த காதலியை மீட்கத் தன் தெய்வத்துக்கு எதிராகவே படை நடத்திய பூசாரியின் கதைதான் ஆட்டத்தின் முதுகெலும்பு. மதில் எத்தனை அநியாயம் என்பதை ஆட்டக்காரர் வாய்விட்டுச் சொல்லலாம். அதை இடிக்க மட்டும் முடியாது. ஐயம் இங்கே கடவுளின் இருப்பைப் பற்றியதாக இல்லாமல், கடவுளின் நியாயத்தைப் பற்றியதாகத் திசை மாறுகிறது.

இத்துறையின் உச்சம் பெதஸ்டா நிறுவனத்தின் 'மோரோவிண்ட்' (2002) என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இருக்க இடமில்லை. அதன் உலகில் விவெக், அல்மலெக்ஸியா, சோத்தா சில் என்ற மூவர் உயிரோடு தெய்வங்களாக வாழ்கிறார்கள். மூவரும் ஒரு காலத்தில் நெரவார் என்ற தலைவனின் ஆலோசகர்கள். போர்க்காயத்தால் நெரவார் இறந்தான், மூவரும் தவத்தால் தெய்வமானார்கள் என்கிறது ஆலயம். மூவருமே அவனைக் கொன்று, ஒரு பழைய தெய்வத்தின் இதயத்திலிருந்து சக்தியைத் திருடினார்கள் என்கிறார்கள் சாம்பல் நிலத்து நாடோடிகள். ஆலயத்தை விட்டு வெளியேறிய எதிர்ப்புப் பூசாரிகளிடம் மறைக்கப்பட்ட ஏடுகள் இருக்கின்றன. இவர்களுக்கு நடுவே பேரரசின் சிப்பாய்கள் தங்கள் ஒன்பது தெய்வங்களோடு வந்து இறங்கியிருக்கிறார்கள். எந்தத் தரப்பு சொல்வது உண்மை என்று ஆட்டம் கடைசிவரை தீர்ப்பளிப்பதில்லை. ஆட்டக்காரர் ஊர் ஊராக நூல்களைப் புரட்டி, தானே ஒரு முடிவுக்கு வர வேண்டியதுதான்.

நூல்களிலும் ஒன்று தனி ரகம். மைக்கேல் கர்க்பிரைட் எழுதிய 'விவெக்கின் 36 பாடங்கள்' ஆட்டம் முழுவதும் சிதறிக் கிடக்கும் ஒரு வேதம். பாதி புதிர், பாதி பிதற்றல் போலத் தோன்றும். இருபத்தொன்பதாம் பாடத்தில் ஓர் எண்வரிசை வருகிறது. அந்த எண்களின்படி ஒவ்வொரு பாடத்திலிருந்தும் ஒரு சொல்லை எடுத்து அடுக்கினால், தலைவனைக் கொன்றதையும் தெய்வத்தன்மையைத் திருடியதையும் விவெக் ஒப்புக்கொள்ளும் வாக்குமூலம் கிடைக்கும். தன் புனித நூலுக்குள்ளேயே தன் குற்றத்தைப் பூட்டி வைத்த கடவுள் புனைவிலக்கியத்திலேயே அபூர்வம்.

சடங்குகளிலும் 'மோரோவிண்ட்' சிரத்தை காட்டுகிறது. ஆலயத்தில் சேர்ந்தவர் ஏழு தலங்களுக்கு யாத்திரை போக வேண்டும். ஓர் ஏழை உழவனின் உழவுமிருகம் செத்தபோது விவெக்கே அதனிடத்தில் நின்று சேற்றில் உழைத்ததாக ஐதிகமுள்ள தலத்தில் காணிக்கை ஒரு பிடி சேறு. பின்னொரு யாத்திரையில் மௌன விரதம்: தொலைவிலுள்ள தலத்தை அடையும்வரை ஒருவரிடமும் பேசக் கூடாது. பேச்சுதான் ஆட்டத்தில் வழி கேட்கவும் பயணம் போகவும் உதவும் கருவி. அதை விட்டுக்கொடுத்து நடக்கும்போது விரதத்தின் பாரம் உண்மையாகவே தோளில் ஏறுகிறது. விவெக் நகரத்தின் மேலே அந்தரத்தில் ஒரு பாறை நிற்கிறது. விழாமல் அதைத் தாங்குவது விவெக்கின் சக்தி. அந்தப் பாறையைக் குடைந்து ஆலயம் வைத்திருப்பது சத்திய அமைச்சகம் என்ற சிறை. அடைபட்டிருப்பவர்கள் மாற்றுக் கருத்துக்காரர்கள். குடிமக்கள் அந்த நிழலில்தான் கடைவீதிக்குப் போய்வருகிறார்கள். ஆலயத்தின் அதிகாரம் என்ன வகையானது என்பதைப் பத்துப் பக்க உரையாடல் இவ்வளவு தெளிவாகச் சொல்லாது.

நெரவாரின் மறுபிறவியாக வருபவர் என்று ஆட்டக்காரரைக் கொண்டாடும் தீர்க்கதரிசனத்தையும் ஆட்டம் ஐயத்திலேயே விட்டுவைக்கிறது. முன்பு அப்படி உரிமை கோரித் தோற்றவர்களின் ஆவிகள் ஒரு குகையில் வரிசையாக நின்று வரவேற்கின்றன. பிறப்பு விவரங்கள் தீர்க்கதரிசனத்தோடு பொருந்துவதைக் கண்டு ஆட்டக்காரரை அனுப்பி வைத்ததே பேரரசர்தான். மறுபிறவியா, அரசியல் ஏற்பாடா என்ற கேள்விக்கு இரண்டு விடையும் பொருந்தும். இதே வரிசையின் 'ஸ்கைரிம்' (2011) அந்த நுட்பத்தை எட்டவில்லை. ஆனால் டாலோஸ் என்ற ஒரு தெய்வத்தின் வழிபாட்டைச் சமாதான உடன்படிக்கை தடைசெய்ய, அதுவே உள்நாட்டுப் போருக்கு வித்தாவதை நன்றாகவே காட்டுகிறது.

ஜப்பானியத் தரப்பில் இணையாக வைக்கத்தக்கது 'ஃபைனல் ஃபேன்டசி 10' (2001). ஸ்பைரா என்ற உலகை 'சின்' என்ற பேருருவம் திரும்பத் திரும்ப அழிக்கிறது. எந்திரங்களைப் பயன்படுத்திய பாவத்துக்குத் தண்டனை இது என்று யெவோன் மதம் போதிக்கிறது. பரிகாரமாக இளம் பெண்ணொருத்தி யாத்திரை போய், உயிரைக் கொடுத்துச் சில ஆண்டுகள் அமைதி வாங்கித் தர வேண்டும். மதத் தலைமையோ எந்திரத் துப்பாக்கிகளைத் தன் காவலர்களிடமே கொடுத்திருக்கிறது. அதன் உச்சபீடத்தில் இருப்பவர் எப்போதோ செத்துப்போனவர். வஞ்சகத் திருச்சபை என்ற கரு ஒன்றும் புதிதில்லை. ஆனால் நுணுக்கங்கள் மனத்தில் நிற்பவை. பக்தர்கள் கைகளால் வட்டம் காட்டிக் குனிந்து வணங்குகிறார்கள். அது பழைய நகரத்தின் பந்தாட்ட வீரர்கள் வெற்றி வேண்டிக் காட்டிய சைகை என்பது அந்த நகரத்திலிருந்து வந்த கதாநாயகனுக்கு மட்டுமே தெரிகிறது. கோயில்தோறும் ஒலிக்கும் பாடலும் அப்படித்தான். யெவோனை எதிர்த்தவர்கள் பாடியது, பின்னால் யெவோனின் துதியாக மாறியிருக்கிறது. தடுக்க முடியாததைத் தனதாக்கிக்கொள்வது மதங்களின் நிஜ வரலாற்றிலும் கண்ட வழக்கம்.

பயோவேர் நிறுவனத்தின் 'டிராகன் ஏஜ்' (2009 முதல்) எதிர்த் திசையில் போகிறது. அதன் கடவுளான 'மேக்கர்' ஒருமுறைகூடத் தோன்றுவதில்லை, பதில் தருவதில்லை. மனிதரின் பாவத்தால் முகம் திருப்பிக்கொண்டார், உலகின் நான்கு மூலைகளிலும் துதி ஒலித்தால் திரும்புவார் என்பது சபையின் போதனை. கடவுளின் மௌனம் நம்பிக்கையாளருக்கும் மறுப்பவருக்கும் ஒரே அளவு இடம் விடுகிறது. மூன்றாம் ஆட்டமான 'இன்குவிசிஷன்' (2014) ஆட்டக்காரரையே புனிதத் தூதராக ஊரார் கொண்டாட வைத்து, நீ அதை நம்புகிறாயா என்று கேட்கிறது. எது சரியான பதில் என்று ஆட்டம் சொல்வதில்லை. அதனாலேயே கேள்வி உறுத்துகிறது.

பேச்சைக் குறைத்துப் பொருள்களின் வழியே மதம் சொல்பவர் ஹிதெதாகா மியாசாகி. அவருடைய 'டார்க் சோல்ஸ்' (2011) ஆட்டத்தில் தெய்வங்களின் நகரமான ஆனர் லாண்டோவில் மாலைவெயில் மாறாமல் காய்கிறது. உள்ளே பேருருவான தேவி ஒருத்தி கருணையோடு வரவேற்கிறாள். அவள்மீது அம்பு எய்தால் மறைந்துபோகிறாள். அந்தக் கணமே நகரம் இருள்கிறது. தேவியும் வெயிலும் ஒருவன் நிறுத்தி வைத்திருந்த மாயத்தோற்றம். பல ஆட்டக்காரர்கள் அம்பு எய்யாமலே, அதாவது உண்மை தெரியாமலே, வணங்கி வெளியேறிவிடுவார்கள். 'எல்டன் ரிங்' (2022) இன்னொரு படி மேலே போகிறது. அதன் 'கோல்டன் ஆர்டர்' மதத்தின் அடிப்படைவாத மந்திரங்களுக்குப் பக்தியோடு அறிவுப்புள்ளியும் வேண்டும். அப்படி ஒரு மந்திரத்தைத் தலைநகரிலுள்ள ஒரு சிலையின் முன் ஓதினால், சிலையின் உருவம் மாறி, மதத்தின் தேவியும் அவள் கணவனும் ஒரே ஆள் என்ற இரகசியம் வெளிப்படும். தீவிரப் பக்தரின் படிப்பே மதத்தின் அடிக்கல்லைப் பெயர்க்கிறது.

இத்தனை வளத்துக்கிடையிலும் ஒரு வறுமை கண்ணில் படுகிறது. பெரும்பாலான புனைமதங்கள் இடைக்கால ஐரோப்பியத் திருச்சபையின் சாயலிலேயே வார்க்கப்பட்டவை: படிநிலை, மதவிசாரணை, கருகும் புத்தகங்கள், சூழ்ச்சிக்காரத் தலைவர். வீட்டு மூலையில் ஏற்றும் விளக்கு, குலதெய்வம், பிள்ளைக்குப் பெயரிடும் சடங்கு, அறுவடைப் படையல் எல்லாம் அந்த உலகங்களில் தேடித்தான் கிடைக்கும். மதம் என்றாலே அதிகாரமும் சதியும் என்ற சூத்திரம் எழுத வசதியானது. அதைத் தாண்டிப் போனவர்கள் சிலரே.

அந்தச் சிலரில் முதலிடம் 'கிங் ஆஃப் டிராகன் பாஸ்' (1999) ஆட்டத்துக்கு. அதன் களமான குளோராந்தாவை கிரெக் ஸ்டாஃபோர்ட் 1966 முதல் கற்பனை செய்து வளர்த்தார். அதை ஒட்டி 1978இல் வந்த 'ரூன்குவெஸ்ட்' மேசை ஆட்டத்தில் வழிபாடு பூசாரிகளின் தனிச்சொத்தாக இல்லாமல் எல்லாப் பாத்திரங்களுக்கும் பொதுவானது. டேவிட் டன்ஹம் வடிவமைத்த கணினி ஆட்டத்தில் ஆட்டக்காரர் ஒரு குலத்தை நடத்துகிறார். மாடுதான் செல்வம். குலத்தின் அவையில் ஏழு பேர். ஒவ்வொருவரும் ஒரு தெய்வத்தின் அடியார். ஆண்டின் புனித நாள்களில் வரும் ஆண்டுக்கான மந்திர சக்தியை விளைச்சலுக்கு, போருக்கு, உடல்நலத்துக்கு என்று பங்கிட வேண்டும். பெரிய தேவை வரும்போது குலத்தில் ஒருவர் தெய்வத்தின் பழங்கதைக்குள்ளேயே நுழைந்து அதை மறுபடி நடத்திக் காட்டுவார். மழை வேண்டுமென்றால், மழைத்தெய்வத்தை விழுங்கிய நீல டிராகனை ஒர்லாந்த் என்ற தெய்வம் வென்ற கதையை நடத்த வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் பல வழிகள் திரையில் வரும். எது சரி என்று ஆட்டம் சொல்லாது. கதையைப் படித்து நினைவில் வைத்திருப்பவருக்குத்தான் தெரியும். தவறினால் போனவர் காயப்பட்டோ வெறுங்கையோடோ திரும்புவார். திரும்பாமலும் போகலாம். அதே குழுவினர் 2018இல் 'சிக்ஸ் ஏஜஸ்' என்ற ஆட்டத்தில், குதிரை வளர்க்கும் வேறொரு மக்களின் தெய்வங்களைக் கொண்டு இதே முறையைத் தொடர்ந்தார்கள். முந்தைய ஆட்டத்தின் நாயகனான ஒர்லாந்த் இவர்கள் சொல்லும் கதைகளில் பகைவன்.