பாதம் பிடிக்கும் முறை: நம் மாவட்டத்து மரபுகளும் தரமும்

சங்க மலருக்குப் பாதத் தொக்கணம் (பாதம் பிடித்துவிடுதல்) பற்றி ஒரு கட்டுரை வேண்டுமென்று சங்கத்துப் பெரியவர்கள் பணித்தார்கள், தட்ட முடியவில்லை. சித்த மருத்துவத்தின் 32 புறமருத்துவ முறைகளில் தொக்கணத்தின் இடமும், தட்டல் தொடங்கி அசைத்தல் வரையான 9 வகைகளும் நம்மவர் அறிந்தவை. எனவே தருமபுரிப் பக்கம் இன்று வழங்கும் கைமுறைகளையும் அவற்றின் தரத்தையும் மட்டும் எழுதுகிறேன்.

முதல் மரியாதை ஒகேனக்கல்லுக்கே. காவிரிக் கரைப் பாறைகளில் எண்ணெய் தேய்த்துவிடுவோரின் கை வலுவானது, வேகமானது. உடம்பு முழுவதையும் உருவிவிட்டு அருவிக்கு அனுப்புவார்கள். உழைத்துக் களைத்தவனுக்கு அதற்கு ஈடில்லை. ஆனால் பாதத்துக்கென்று தனி நேரம் அதில் குறைவு. ஒப்பிட்டுப் பார்த்தால், குமரி ஆசான்மார் வர்மப் புள்ளி அறிந்து தொடுவார்கள். கேரளத்தார் கயிற்றைப் பற்றிக்கொண்டு காலாலேயே உருவிவிடுவார்கள். பாளையங்கோட்டையில் 1964-இல் தொடங்கிய அரசு சித்த மருத்துவக் கல்லூரியும், தாம்பரத்தில் 2005-இல் திறக்கப்பட்ட தேசிய சித்த நிறுவனமும் தொக்கணம் அடங்கிய சித்த மருத்துவத்துக்குப் பாடத்திட்டமும் பட்டமும் தந்தன. கடைசியாக நம் பக்கம் வந்தது, 1930-களில் அமெரிக்கரான யூனிஸ் இங்காம் பரப்பிய ரிஃப்ளெக்ஸாலஜி. பாதத்தில் இன்ன இடம் ஈரல், இன்ன இடம் சிறுநீரகம் என்னும் அந்தப் படத்துக்கு உறுதியான சான்று இல்லை. ஆனாலும் அம்முறையால் கிடைக்கும் ஓய்வை யாரும் மறுக்க மாட்டார்கள்.

என் ஆசான் பென்னாகரம் பக்கத்தவர். அவரிடம் கற்றதைத்தான் நான் அளவுகோலாகக் கொள்கிறேன். வந்தவரைத் திண்ணையில் உட்காரவைத்து, தான் மணையில் அமர்ந்து, தொடையில் துண்டை விரித்துக் குதிகாலை அதன்மேல் வாங்கிக்கொள்வார். உடனே எண்ணெய் எடுக்க மாட்டார். புறங்கையை வைத்து இரண்டு பாதங்களின் சூட்டையும் ஒப்பிடுவார். விரல் இடுக்குகளைப் பிரித்துப் பார்ப்பார். கண்ணை மூடச் சொல்லி, பஞ்சால் தொட்டு, "எங்கே தொடறேன், சொல்லுங்க" என்பார். பதில் தவறினால் அன்று அழுத்தம் கிடையாது; இதமாக எண்ணெய் தடவி அனுப்பிவிடுவார். "பார்க்காம கையை வைக்காதடா" என்பதே எங்களுக்கு அவர் தந்த பாடம்.

அந்தப் பாடத்தின் அருமை வேலூரை நினைத்தால் விளங்கும். 1946-இல் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதப் புண்ணுக்கு உணர்விழப்பே பெருங்காரணம் என்று காட்டினார். வலி தெரியாத பாதம் தன்னைக் காத்துக்கொள்ளாது. சர்க்கரை நோயாளியின் மரத்த பாதத்துக்கும் இது பொருந்தும். அதில் அழுத்திப் பிடித்தால் தோல் கன்றுவதும் அவருக்குத் தெரியாது. கன்றிய இடம் புண்ணாகும்.

நம் மாவட்டத்துக்கு இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-இல் வரும் வரை ஃபுளோரைடு மிகுந்த நிலத்தடி நீரைக் குடித்து வளர்ந்தவர்கள் நம்மிடம் வருகிறார்கள். எலும்பும் மூட்டும் இறுகியவர்களை முறுக்கிச் சொடக்கு எடுப்பது பெரும் பிழை. அதுபோல, ஒரு கால் மட்டும் திடீரென வீங்கிச் சூடாகி வலித்தால் உள்ளே இரத்தம் உறைந்திருக்கலாம். அந்தக் காலைப் பிடிக்காமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும்.

முறையாகச் செய்தால் பலன் உறுதி. 26 எலும்புகள் தாங்கும் பாதத்தில் இறுகிய தசை தளரும். காலையில் முதல் அடி வைக்கும்போது குத்தும் குதிகால் வாதம் தணியும். பித்தவெடிப்பு இளகும். மனம் அமைந்து தூக்கம் வரும். தலை, காது, பாதம் மூன்றுக்கும் எண்ணெயைச் சிறப்பாக விதித்த அஷ்டாங்க இருதயம் காரணமின்றிச் சொல்லவில்லை.

இன்று நடப்பதைச் சொல்ல மனம் கூசுகிறது. யாரையும் குறித்து எழுதவில்லை. நம் மூத்தோர் வழிவந்தவர்களைக் குறித்து நிச்சயமாக இல்லை. ஆனால் சில இடங்களில் சில நாள் பழகியதும் பலகை மாட்டிவிடுகிறார்கள். சர்க்கரை உண்டா என்று கேட்பதில்லை. செக்கு எண்ணெய் இருந்த கிண்ணத்தில் வாசனை கலந்த ஏதோ ஒன்று. மணி பார்த்துக் காலை மாற்றுகிறார்கள். "சத்தம் வந்தால்தான் வைத்தியம்" என்று கேட்பவருக்காக எலும்பைச் சொடுக்குகிறார்கள். குருவுக்குக் கைகட்டி நின்று கற்ற காலம் போனதால் வந்த கேடு இது. பெற்றவர் பாதத்தைத் தொட்டறியாத பிள்ளைகள் பெருகிவிட்டார்கள். வீட்டில் இல்லாத பக்குவம் தொழிலில் எப்படி வரும்? பணிவு போனது, பொறுமை போனது, எண்ணெய்ப் பக்குவம் போனது. இப்படியே விட்டால் தொக்கணம் மட்டுமல்ல, நம் வைத்தியமே பெயரளவில்தான் மிஞ்சும்.

ஆகவே சங்கத்துக்கு என் விண்ணப்பம்: புதிதாகச் சேரும் ஒவ்வொருவரும் மூத்த உறுப்பினர் ஒருவர் முன்னிலையில் பாதத்தைப் பார்த்துக் காட்டிய பிறகே கைவைக்கலாம் என்று வரும் பொதுக்குழுவில் விதி செய்யுங்கள். எப்போது பிடிக்கக் கூடாது என்று சொல்லத் தெரியாதவருக்கு நம் சங்கத்தின் சான்றிதழ் தரக்கூடாது.