இரண்டு அங்கிகள்

தமிழ்த் திரைப்படங்களில் கத்தோலிக்கக் குரு பெரும்பாலும் ஒரு திருமணத்தை நடத்திவைக்கவோ, ஒரு பாவசங்கீர்த்தனத்தைக் கேட்கவோ வந்து மறையும் துணைப்பாத்திரமே. இவ்வழக்குக்கு மாறாக, ஒரே நடிகர் பதினாறு ஆண்டு இடைவெளியில் இருமுறை குருவின் அங்கியை அணிந்தார். 1997இல் வெளிவந்த 'மின்சார கனவு' படத்தின் முடிவில் அரவிந்த்சாமி ஏற்ற தாமஸ் என்னும் இளைஞன் குருவாகிறான். 2013இல் வெளிவந்த 'கடல்' படத்தில் அவரே அருள்தந்தை சாம் பெர்னாண்டோ. முன்னதை இயக்கிய ராஜீவ் மேனனே பின்னதற்கு ஒளிப்பதிவு செய்தார். நடுவயதில் ஒருவர் கலைக்குத் திரும்புவதன் பொருளை இவ்விரு அங்கிகளையும் ஒப்பிட்டு அறியலாம் என எண்ணுகிறோம்.

'தளபதி' (1991), 'ரோஜா' (1992), 'பம்பாய்' (1995) ஆகிய படங்களால் புகழடைந்த அரவிந்த்சாமி, 2000ஆம் ஆண்டிற்குப் பின் திரையுலகை விட்டு விலகி வணிகத்தில் ஈடுபட்டார். இடையில் முதுகெலும்புக் காயமும் நீண்டகாலச் சிகிச்சையும் அவரை வாட்டின. 'கடல்' படத்திற்காக மணிரத்னம் அவரை மீண்டும் அழைத்தபோது அவர் நாற்பதைக் கடந்திருந்தார்.

முதல் அங்கி கதையின் வசதிக்காகத் தைக்கப்பட்டது. காதலில் தோற்றவனை எங்கேனும் அமர்த்த வேண்டும். திரைக்கதை அவனைக் குருமடத்தில் அமர்த்தியது. அந்த அழகிய முகத்தில் துறவின் விலை ஏதும் எழுதப்பட்டிருக்கவில்லை. இரண்டாம் அங்கியோ பாரமுடையது. செல்வக் குடும்பத்தைத் துறந்து வந்த சாம், கைவிடப்பட்ட ஆலயமொன்றில் பணியேற்கிறார். தாயற்ற சிறுவனை வளர்க்கிறார். பொய்ப்பழியால் தம் மக்களாலேயே அடிக்கப்பட்டுச் சிறை செல்கிறார். இவ்விடங்களில் நடிகர் குரலை உயர்த்துவதில்லை. தோள்கள் சற்றே தாழ்கின்றன. கண்கள் மறுமொழி தேடிக் காத்திருக்கின்றன. இருபத்தேழு வயதில் இதனை அவர் நடித்திருக்க முடியாது என்பது நம் துணிபு. கலையை விட்டிருந்த ஆண்டுகளே அவருக்கு அக்கலையைக் கற்பித்தன எனலாம்.

ஆயினும் படத்தின் குறையை மறைத்தல் நேர்மையாகாது. ஜெயமோகனின் எழுத்து பாவம், மன்னிப்பு ஆகியவற்றைத் துணிவோடு தொட்டது. ஆனால் குரு சிறை சென்றபின் கதை இளங்காதலர் பக்கம் சாய்ந்துவிடுகிறது. அர்ஜுன் ஏற்ற பெர்க்மன்ஸ் தீமையின் உருவமாக முழங்குகிறாரேயன்றி, குருமடத்திலிருந்து வெளியேற்றப்பட்ட ஒரு மனிதனின் காயம் அவரிடம் முழுமையாக வெளிப்படவில்லை. நடுவயது மனிதனைக் கதையின் நடுவில் நிறுத்தத் திரைக்கதைக்குப் பொறுமை போதவில்லை. நடிகர் திரும்பி வந்தால் மட்டும் போதாது. அவர் வயதுக்கேற்ற எழுத்தும் உடன் வரவேண்டும்.

'தனி ஒருவன்' (2015) அவருடைய பழைய வசீகரத்தையே தீமையின் முகமூடியாக்கிப் பெருவெற்றி கண்டது. 2021இல் 'நவரசா' தொகுப்பில் 'ரௌத்திரம்' என்னும் குறும்படத்தை அவரே இயக்கினார். தாயை மன்னிக்க இயலாத மகளின் சினம் அதன் கரு. 'கடல்' எழுப்பிய கேள்வியே வேறு வடிவில் அங்குத் தொடர்ந்தது என்று சொல்லத் தோன்றுகிறது.

அந்தக் கேள்விக்கு அமைதியான விடை 2024இல் வந்தது. ஒளிப்பதிவாளராயிருந்து திரைக்கதைக்கு வந்த சி. பிரேம்குமாரின் 'மெய்யழகன்' படத்தில், பூர்வீக வீட்டை இழந்து தஞ்சையை விட்டுச் சென்ற அருள்மொழி, இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் ஒரு திருமணத்திற்காக ஊர்ப்பக்கம் வருகிறான். கார்த்தி ஏற்ற உறவினன் இரவு முழுவதும் அன்பைப் பொழிகிறான். அருள்மொழிக்கோ அவன் பெயர்கூட நினைவில்லை. அந்த வெட்கமே கதை. ஏறத்தாழ மூன்று மணிநேரமாக வெளிவந்த படம் பின்னர்ச் சற்றுக் குறைக்கப்பட்டது. இதில் அரவிந்த்சாமி பெரும்பாலும் கேட்டுக்கொண்டே இருக்கிறார். ஒரு நடிகர் கேட்பதையே நடிப்பாக்குவது எளிதன்று. இம்முறை எழுத்தும் அவருக்காகக் காத்திருந்தது.

பெண்களுக்கு இத்தகைய வாயில் இன்னும் குறுகலாகவே திறக்கிறது. திருமணத்திற்குப்பின் விலகியிருந்த ஜோதிகா 2015இல் '36 வயதினிலே' வழியே திரும்பியது பாராட்டப்பட்டதற்குக் காரணம், அது அரிதாய் நிகழ்ந்தது என்பதே.

மணலி புதுநகரில் இதனை எழுதும் நமக்கு இச்செய்தி தொலைவானதன்று. எண்ணூர் முதல் இராயபுரம் வரை, இளமையில் பாஸ்கா நாடகத்தில் வேடமிட்டவர்களும், கிறிஸ்துமஸ் இரவுக்கு வசனம் எழுதித் தந்தவர்களும் நம்மிடையே உண்டு. ஆலைகளின் ஷிப்டு வேலையும் குடும்பப் பொறுப்பும் அவர்களை மேடையினின்று இறக்கிவிட்டன. இன்று அழைத்தால், வயதாகிவிட்டது என்று தயங்குகின்றனர். இளைஞனான யோவானின் வேடத்தை அவர்கள் மீண்டும் நாட வேண்டியதில்லை. ஆண்டவரை மும்முறை மறுதலித்துவிட்டு வெளியே சென்று மனங்கசந்து அழுத இராயப்பர் இருக்கிறார். இருபது வயது இளைஞன் அந்த அழுகையைக் குரலால் நடிப்பான். ஐம்பது வயதுக்காரருக்கு அது அவ்வளவாக நடிக்க வேண்டிய ஒன்றாக இராது.