மிகைமெய்ம்மையும் பௌதிகவியற் கல்வியும்: ஒரு விமர்சன நோக்கு

கைத்தொலைபேசித் திரையிலே, கண்முன்னுள்ள பொருளின்மீது கணினி வரைந்த உருவங்களைப் பொருத்திக் காட்டும் முறை மிகைமெய்ம்மை எனப்படும். இடைநிலைப் பாடசாலைகளிற் பௌதிகவியலைக் கற்பிப்பதற்கு இதுவே இனி வழி என்னும் குரல் இன்று பலமாக ஒலிக்கின்றது. இக்கூற்றை முற்றாக மறுப்பதோ வியந்து ஏற்பதோ ஆய்வறிவுக்குப் பொருந்தாது. எத்தகைய மெய்ம்மை, எவருடைய மெய்ம்மை இங்கு காட்டப்படுகின்றது என்பதே நாம் எழுப்பவேண்டிய வினாவாகும்.

இம்முறையின் பயனை முதலிலே ஒப்புக்கொள்ளல் வேண்டும். காந்தப் புலம் கண்ணுக்குப் புலனாகாதது, முப்பரிமாணமுடையது. பாடநூலின் படமும் கடதாசியிலே தூவிய இரும்புத் தூளும் அதன் ஒரு தளத்தை மாத்திரமே காட்டுவன. சட்டக் காந்தமொன்றைச் சுற்றி நடந்து, எத்திசையினின்றும் புலக்கோடுகளைக் காணும் வாய்ப்பை மாணாக்கருக்கு இத்தொழினுட்பம் அளிக்கின்றது.

ஆயினும் விசைக்கோடு என்பது வெளியிலே கிடக்கும் பொருளன்று, ஓர் எண்ணக்கரு. இளமையிற் புத்தகம் கட்டும் தொழில் பயின்று, 1831 இல் மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்த மைக்கேல் பரடே, காந்த ஊசியின் திரும்பலையும் இரும்புத் தூளின் ஒழுங்கையும் அவதானித்தே அவ்வெண்ணக்கருவை வளர்த்தெடுத்தார். திரையோ அவதானம், அனுமானம் ஆகிய படிகளை விலக்கி, முடிவை மாத்திரம் கண்கண்ட பொருளாக நிறுத்திவிடுகின்றது. கோடுகளுக்கிடையே புலம் இல்லையென மாணவன் எண்ணவுங்கூடும்.

புவிக்காந்தப் புலத்தை எடுத்துக்கொள்வோம். இலண்டனிலே அது கிடைத்தளத்தோடு 65 பாகைக்கு மேற்பட்ட கோணத்திற் கீழ்நோக்கிச் சாய்ந்துள்ளது. காந்த நடுக்கோட்டின் அயலிலே அமைந்த இலங்கையிலோ ஏறத்தாழக் கிடையாகவே உள்ளது. ஐரோப்பிய வகுப்பறைக்கென முன்கூட்டியே வரைந்த உருவம் யாழ்ப்பாணத்து மேசையின்மீது தோன்றுமாயின் அது அழகிய பொய்யாகும். நடுவிலே நூல் கட்டிச் சமனாகத் தொங்கவிட்டு, பின்னர் காந்தமாக்கிய தையலூசி அப்பொய்யை அம்பலப்படுத்திவிடும்.

எனவே, முன்வரைந்த படத்தைக் காட்டும் கருவிக்கும் அவ்விடத்திலேயே அளந்ததைக் காட்டும் கருவிக்குமிடையே வேறுபாடு காணல் அவசியம். கைத்தொலைபேசிகள் பலவற்றிலே மூவச்சுக் காந்தமானி பொருத்தப்பட்டுள்ளது. ஜேர்மனியின் ஆகன் தொழினுட்பப் பல்கலைக்கழகம் 2016 இல் இலவசமாக வெளியிட்ட ஃபைஃபொக்ஸ் என்னும் செயலி அதன் அளவீடுகளை மாணாக்கர் கையிலே தருகின்றது. அச்செயலியின் சிறப்பு கவர்ச்சி உருவங்களில் இல்லை. ஐயுறவும் சோதிக்கவும் அது இடமளிப்பதிலேயே உள்ளது.

உடைமை பற்றிய வினாவும் இங்குண்டு. கூகிள் நிறுவனம் 2015 இல் பாடசாலைகளுக்கென அறிமுகப்படுத்திய ‘எக்ஸ்பெடிஷன்ஸ்’, பின்னர் மிகைமெய்ம்மைக் காட்சிகளையும் சேர்த்துக்கொண்டு, 2021 யூனில் நிறுத்தப்பட்டது. அதனைச் சார்ந்து பாடம் அமைத்த ஆசிரியர்க்கு அம்முடிவிலே பங்கெதுவும் இருக்கவில்லை. இலங்கையில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு 1ஏபி வகைப் பாடசாலைகளுக்கே உரியது. ஆய்வுகூடமும் பௌதிகவியல் ஆசிரியருமற்ற பாடசாலைக்கு அவற்றுக்குப் பதிலாகத் திரையை வழங்குவது ஏற்றத்தாழ்வை நீக்காது, மறைக்கவே உதவும்.

ஊசியும் இரும்புத் தூளும் முதலிலும், அளவீடு அடுத்தும், திரையின் உருவம் இறுதியிலும் வருதல் வேண்டும். திரை காட்டுவதைத் தம் அளவீட்டோடு ஒப்பிட்டு, மாறுபடுமிடத்து அதனை மறுக்கும் பயிற்சியை மாணாக்கர் பெறுவராயின், இத்தொழினுட்பம் விஞ்ஞானக் கல்விக்கு உண்மையான துணையாகும்.