புதிய வீட்டில் பழைய கணப்பு மூலை

இங்கிலாந்தின் பழைய பண்ணைவீடுகளில் புகைபோக்கியின் அடிப்பகுதி ஒரு சிறு அறை அளவுக்கு அகன்றிருந்தது. மேலே தடித்த ஓக் உத்தரம், உள்ளே இருபுறமும் உட்காரப் பலகை, நடுவே எரியும் விறகு. சமையலும் அங்கேதான், உப்பு நமுத்துப்போகாமல் வைக்கச் சுவரில் ஒரு மாடக்குழியும் இருக்கும். இந்த இடத்துக்கு 'இங்கிள்நூக்', அதாவது கணப்பு மூலை, என்று பெயர். 'இங்கிள்' என்பது ஸ்காட்லாந்து வழக்கில் அடுப்பு நெருப்பு. உதகையின் பழைய பங்களாக்களில் காணும் சுவர்க் கணப்பு, இதன் ஒடுங்கிய பிற்கால வடிவம்.

வீடு முழுவதும் குளிரில் கிடந்தபோது கதகதப்பாக இருந்த ஒரே இடம் அந்த மூலை. தேவை குறைந்த பிறகுதான் அது அலங்காரமாக மறுபிறவி எடுத்தது. கட்டடக் கலைஞர் ரிச்சர்ட் நார்மன் ஷா, நார்தம்பர்லாந்தின் கிராக்சைடு மாளிகையில் 1870களில் உணவறைக்குள் ஒரு கணப்பு மூலையை அமைத்தார். 1878இலேயே நீர்மின்சாரத்தால் விளக்கெரிந்த வீடு அது. கலிபோர்னியாவின் பாசடீனாவில், குளிர் அவ்வளவாக வாட்டாத ஊரில், 1908இல் கட்டத் தொடங்கிய கேம்பிள் இல்லத்திலும் ஒன்று உண்டு. ஆகவே இன்றைய புதுவீட்டுக் கணப்பைப் 'போலிப் பழமை' என்று பழிப்பவர்கள் நூறாண்டுக்கு மேல் தாமதமாக வந்தவர்கள்.

இந்த அமைப்பின் பலம் நெருப்பில் பாதி, மூலையில் பாதி. கூரை தாழ்கிறது, இருக்கைகள் எதிரெதிரே அமைகின்றன, பெரிய கூடத்துக்குள் நாலு பேருக்கான இடம் பிரிகிறது. கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் அலெக்சாண்டரும் குழுவினரும் 1977இல் வெளியிட்ட 'எ பேட்டர்ன் லாங்குவேஜ்' நூல் நெருப்புக்கும் ஒதுக்கிடத்துக்கும் தனித்தனி இயல் தருகிறது. பல புதிய வீடுகளிலோ மூலையை விட்டுவிட்டு நெருப்பை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். தட்டைச் சுவரில் ஓர் எரிவாயுப் பெட்டி, அதற்கு மேல் தொலைக்காட்சி. பார்ப்பவருக்குக் கழுத்து வலி. தொலைக்காட்சிக்கோ கீழிருந்து ஏறும் சூடு.

பெருங்குறை காற்றில் இருக்கிறது. திறந்த கணப்பு எதிரே இருப்பவரைக் கதிர்வீச்சால் சூடேற்றும். ஆனால் அறையின் சூடான காற்றை இடைவிடாது புகைபோக்கி வழியே வெளியேற்றும். அந்த இடத்தை நிரப்பக் கதவிடுக்கு, சன்னலிடுக்கு வழியாகக் குளிர்காற்று நுழையும். இயற்பியலாளர் ரம்ஃபோர்டு பிரபு 1790களில் அடுப்பின் ஆழத்தைக் குறைத்தும், பக்கச் சுவர்களைச் சாய்த்தும், புகைக் கழுத்தை ஒடுக்கியும் இந்த இழப்பைத் தணித்தார், ஒழிக்க முடியவில்லை. பழைய வீட்டில் இடுக்குகளுக்குப் பஞ்சமில்லை. இன்றைய வீடு காற்றுப் புகாதபடி கட்டப்படுகிறது. அதில் சமையலறைக் காற்றை வெளியேற்றும் விசிறி ஓடினால் புகைபோக்கியே உள்ளிழுக்கும் வழியாகிவிடும். புகையோடு கார்பன் மோனாக்சைடும் அறைக்குள் திரும்பும். இதற்குத் தீர்வு, வெளியிலிருந்து தனிக்குழாயில் காற்று பெறும் மூடிய அடுப்பு.

அதிலும் ஒரு கணக்கு இடிக்கிறது. மிகக் குறைந்த ஆற்றலில் இயங்கும் வீடுகளுக்கான 'பாசிவ் ஹவுஸ்' தரத்தில், கடுங்குளிரிலும் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 10 வாட் வெப்பம் போதும். 100 சதுர மீட்டர் வீட்டுக்கு 1 கிலோவாட். சாதாரணச் சிறு விறகடுப்பே 4 முதல் 5 கிலோவாட் தரும். அடுப்பை மூட்டிவிட்டுச் சன்னலைத் திறக்க வேண்டியதுதான்.

புகை அண்டை வீட்டையும் விடுவதில்லை. 1952 டிசம்பரில் லண்டனை மூடிய நிலக்கரிப் புகைமூட்டம் 1956இன் தூய காற்றுச் சட்டத்துக்கு வழிவகுத்தது. சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் 2016 நவம்பர் முதல் புதிய கட்டடங்களில் விறகெரிக்கும் அமைப்புக்கே அனுமதியில்லை. இங்கிலாந்தில் 2021 மே முதல் சிறு அளவில் விற்கும் விறகின் ஈரம் 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. ஈர விறகு புகைவதோடு, குழாய்க்குள் தார்போன்ற படிவையும் விடும். அதுவே புகைபோக்கித் தீக்குக் காரணம். கணப்பு மூலையில் மர உத்தரம் நெருப்புக்கு நெருக்கமாக இருப்பதால், தீப்பற்றாதபடி அதையும் கவனிக்க வேண்டும்.

மாற்றுகளில் எத்தனால் கணப்பு புகைபோக்கி வேண்டாம் என்ற பெயரில் எரிபொருளின் கழிவு வாயுவை அறையிலேயே விடுகிறது. ஏளனத்துக்கு ஆளாவது மின்கணப்புத்தான். சுடர் வெறும் ஒளிவித்தை. ஆனால் அதற்கு வெளிக்காற்று வேண்டாம், பெரும்பாலும் 1 முதல் 2 கிலோவாட் சூடாக்கிதான் உள்ளே இருக்கும். மேலே சொன்ன 1 கிலோவாட் கணக்குக்கு ஒத்துவருவது அது; இருபுறப் பலகையும் தாழ்ந்த கூரையும் மட்டும் கட்டுபவர் சேர்க்க வேண்டும்.